நீல நைட்ரஜன்

அந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்துமிடத்தையும் கால் உடைந்த நாற்காலிகளையும் தாண்டிப் போனால், இரும்புக் கதவு போட்ட ஓர் அறை வரும். அதற்குள்தான் காற்றைத் திரவமாக்கினார்கள். ‘ஆக்கினார்கள்’ என்று பன்மையில் சொல்வது ஆண்டறிக்கைக்காக. உள்ளபடி ஆக்கியது ஒரே ஓர் ஆள். அவளை எல்லோரும் ஆபரேட்டர் என்றே கூப்பிட்டார்கள். வயதில் சின்னவர்கள் மட்டும் கூடவே ஓர் ‘அக்கா’ சேர்த்துக்கொண்டார்கள்.

காலை ஒன்பது மணிக்கு அவளுடைய ஜன்னலில் வரிசை நிற்கும். மருவை உறைய வைத்து உதிர்க்கும் தோல் டாக்டரின் உதவியாள், காளை விந்தைப் பத்திரப்படுத்தும் மாட்டுப்பண்ணைக்காரர், இயற்பியல் மாணவர்கள் இரண்டு மூன்று பேர், ஆளுக்கொரு வெள்ளி நிற ஜாடி. தூரத்திலிருந்து பார்த்தால் பால் வாங்க வந்தவர்கள் என்றுதான் தோன்றும். அவளும் பால்காரி மாதிரியே திரவ நைட்ரஜனை அளந்து ஊற்றுவாள். ஆட்டாமல் கொண்டுபோங்கள், மூடியை இறுக்கிவிடாதீர்கள், இறுக்கினால் ஜாடி வெடிக்கும், வெடித்தால் நான் பொறுப்பில்லை என்று ஆளுக்கு ஒரு தடவை சொல்லுவாள். பதினொரு வருஷமாக அதே வாசகம். பண்ணைக்காரர் அவளுக்கு முன்னாலேயே அதைச் சொல்லி முடித்துவிட்டு ஜாடியை நீட்டுவார்.

இந்த வேலை இன்னதென்று வீட்டில் புரியவைக்கத்தான் அவளுக்கு நாளாயிற்று. கல்யாணமான புதிதில் மாமியார் அக்கம்பக்கத்தில், மருமகள் காற்று சம்பந்தமான வேலைக்குப் போகிறாள் என்று பெருமையாகச் சொல்லிவைக்க, ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் காற்றுப் போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகுதான் ஒருநாள் அடுப்படியில், கொதிக்கிற பானையின் மூடியைத் திருப்பிக் காட்டினாள்.

“அத்தை, இந்த வேர்வை எங்கேருந்து வந்தது? ஆவியோட சூட்டை மூடி வாங்கிக்கிச்சு. சூடு போனதும் அதுக்கு ஓடியாட முடியலை, ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டு உட்கார்ந்துடுச்சு. காத்தும் அப்படித்தான். என்ன, அதோட சூட்டைக் கறக்க இந்த மூடி போதாது, அதுக்குப் பெரிய மிஷின் வேணும்.”

மாமியார் மூடியையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியானால் முப்பது வருஷமாக நானும் இதே வேலையைத்தான் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மூடியை வாங்கிப் பானை மேல் வைத்தாள்.

மிஷின் செய்வதும் பெரிய மாயமில்லை. காற்றை இழுத்து, தூசியையும் ஈரத்தையும் கழித்து, கம்ப்ரஸரில் போட்டு நசுக்கும். நசுங்குகிற காற்று கோபம் வந்த மாதிரி சூடாகும். அந்தச் சூட்டைக் குழாய்த் தண்ணீரில் வெளியே அனுப்பிவிட்டு, காற்றைச் சட்டென்று விரிய விடும். விரிவதற்குத் தெம்பு வேண்டுமே. அதைக் காற்று தன் கையிருப்பிலிருந்தே செலவழிக்கும். செலவழிக்கச் செலவழிக்கக் குளிரும். அந்தக் குளிரை வைத்து அடுத்து வருகிற காற்றைக் குளிர்விக்கும். இப்படியே சுற்றிச் சுற்றி, கடைசியில் அதில் இருக்கிற நைட்ரஜன் இனி ஓட முடியாது என்று கையைத் தூக்கிவிட்டுச் சொட்டுச் சொட்டாக இறங்கும். நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி, பூஜ்யத்துக்குக் கீழே. முதல் சொட்டு விழும் சத்தம் அந்தக் கம்ப்ரஸர் இரைச்சலிலும் அவள் காதுக்குத் தனியாகக் கேட்கும்.

இவ்வளவு தெரிந்தும் அவள் தற்காலிக ஊழியர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘மேலும் ஆறு மாதங்களுக்கு’ என்று ஒரு தாள் வரும். அப்படி இருபத்திரண்டு தாள்கள் பிஸ்கட் டப்பாவில் இருந்தன. இருபத்து மூன்றாவது வராது. இந்த மாதக் கடைசியோடு தற்காலிக இடங்கள் அத்தனையும் ரத்து, நிரந்தரமாக்க வேண்டியவர்களை அதற்குள் ஆக்கிக்கொள்ளுங்கள் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்துவிட்டது. அவளுடைய கோப்பு இயக்குநர் மேஜையில் இருந்தது. ஒரே ஒரு கையெழுத்துப் போதும். மாதக் கடைசிக்கு நான்கு நாள்தான் பாக்கி.

இயக்குநருக்கு நிறுவனத்தில் ‘முன்னுரை’ என்று பெயர். எந்தக் கூட்டமானாலும் எழுந்து நின்று, முன்னுரையாகச் சில சொற்கள் என்று ஆரம்பிப்பார். முக்கால் மணி நேரம் கழித்து டீ வந்துவிடும். உரை என்று ஒன்று பின்னால் இருக்கிறதா, இருந்தால் எதைப் பற்றியது என்பது ஆறு வருஷமாக யாருக்கும் தெரியாது. கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. எந்தக் காரியத்தையும் மேடையில் வைத்துச் செய்தால்தான் அது நடந்ததாக அவருக்கு நம்பிக்கை வரும், அவ்வளவுதான். அதனால் ஆபரேட்டரின் கோப்பிலும் சும்மா கையெழுத்துப் போட அவருக்கு மனம் வரவில்லை. நாளை விழாவில், முதன்மை விருந்தினர் முன்னிலையில், மேடையிலேயே போட்டுக் கொடுக்கிறேன் என்றார்.

விழா என்னவென்றால், அந்த இரும்புக் கதவு அறைக்குப் பெயர்ப்பலகை மாட்டுவது. மிஷின் பழையது, அறை பழையது, ஆளும் பழைய ஆள். பலகை மட்டும் புதிது. ‘அதிகுளிர்நிலை உயராய்வு மையம்’ என்று பித்தளையில் பளபளத்தது. கதவுக்கு வெளிப்பக்கம் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். உள்பக்கம் புகைப்படத்தில் வராது என்பதால் அப்படியே விட்டார்கள். சைக்கிள் கூட்டத்துக்குள் விருந்தினரை நடத்திக் கூட்டிவருவது மரியாதையாக இருக்காது என்று, செய்முறை விளக்கத்தை முன் ஹாலில் வைத்தார்கள்.

முதல்நாள் மதியம் ஒத்திகை. மேடை நடுவில் சாட்டின் துணி போட்ட மேஜை. அதன் மேல் இரட்டைச் சுவர்க் கண்ணாடி ஜாடி நிறைய திரவ நைட்ரஜன். ஜாடிக்கு நடுவே, வாய் வெளியே நீட்டிக்கொண்டு, ஓர் உயரமான கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் கொஞ்சம் நைட்ரஜன் ஊற்றி, எரிகிற மெழுகுவர்த்தியைக் கம்பியில் கட்டி உள்ளே இறக்கினால் பொசுக்கென்று அணைந்துவிடும். நைட்ரஜனில் எதுவும் எரியாது. இதைப் பார்த்ததும் இயக்குநருக்கு ஒரு வாக்கியம் பிறந்தது: எரியும் பிரச்சினைகளை அணைப்பதே இந்நிறுவனத்தின் இலட்சியம். விருந்தினர் கையாலேயே வர்த்தியை இறக்க வைத்து, அணையும் நொடியில் இந்த வாக்கியத்தைச் சொல்வதாக ஏற்பாடு. மூன்று தடவை ஒத்திகை பார்த்தார்கள். மூன்று தடவையும் வர்த்தி அணைந்தது, மூன்று தடவையும் வாக்கியம் கொஞ்சம் நீண்டது.

அவரை இன்னும் அதிகமாக மயக்கியது ஜாடி வாயிலிருந்து வழிகிற வெள்ளைப் புகை. அது நைட்ரஜன் இல்லை, குளிர் பட்டதும் இந்த ஹாலின் ஈரம்தான் மூட்டமாகிறது என்று ஆபரேட்டர் சொன்னாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. விருந்தினர் நுழையும்போது புகை பொங்கிக்கொண்டிருக்க வேண்டும்; ஆகவே ஜாடி இப்போதிருந்து காலைவரை வற்றக் கூடாது; வாட்ச்மேன் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் ஊற்றட்டும்; புகை சபையை நோக்கிப் போக மேஜை விசிறி ஒன்று ஓடட்டும் என்று உத்தரவானது. ஆபரேட்டர், அப்படியானால் குழாயையாவது வெளியே எடுத்து வைத்துவிடலாம், திறந்த வாயோடு அதை இவ்வளவு குளிரில் நிறுத்தக் கூடாது என்றாள். அலங்காரக் குழுவில் அவள் எப்போது சேர்ந்தாள் என்று இயக்குநர் விசாரித்தார். குழாய் நின்ற இடத்திலேயே நின்றது.

மறுநாள் காலை பத்து மணிவாக்கில், ஜன்னல் வரிசை முடிகிற சமயம், எலக்ட்ரீஷியன் ஓடிவந்தார். எங்கே விளக்கு போனாலும் முதலில் காணாமல் போவதால் அவருக்கு ‘பியூஸ்’ என்று பெயர். ஜாடிக்கு நடுவில் இருக்கிற குழாய்க்குள் நீல நிறத்தில் ஏதோ நிற்கிறது, முன்னுரை சந்தோஷத்தில் தரையில் நிற்கவில்லை என்றார். நீலம் என்ற சொல்லைக் கேட்டதுமே ஆபரேட்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் நடந்தாள்.

நீலம்தான். சலவைக்கு நீலம் ஒரு சொட்டு விட்ட தண்ணீர் மாதிரி, மங்கலாக, நான்கு விரற்கடை உயரத்துக்கு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவள் பக்கத்தில் எங்காவது தீ இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தாள்.

நடந்தது அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. ராத்திரி முழுக்க விசிறி காற்றைத் தள்ளித் தள்ளிக் குழாய் வாயில் கொடுத்திருக்கிறது. உள்ளே போன காற்று குளிரில் தானாகவே திரவமாகி அடியில் உட்கார்ந்துவிட்டது. விடியற்காலையில் வாட்ச்மேன் அசந்துபோய் ஊற்றாமல் விட, ஜாடி பாதிக்கு வற்ற, குழாய்க்குள் கொஞ்சம் சூடு ஏறியிருக்கிறது. காற்றில் நைட்ரஜன் அவசரக்காரன், முதலில் கிளம்பிவிடும். ஆக்ஸிஜன் சோம்பேறி, பதிமூன்று டிகிரி தள்ளித்தான் எழுந்திருக்கும். அந்தச் சோம்பேறிதான் இப்போது தனியாக, நீலமாக உட்கார்ந்திருந்தது. மெழுகுவர்த்தியை இதில் இறக்கினால் அணையாது. மேஜையிலிருக்கிற சாட்டின், காகிதப் பூ, கம்பி பிடித்த கை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு எரியும்.

இயக்குநர் அதற்குள் ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவைத் தட்டச்சுக்கும் அனுப்பியிருந்தார். போன வருஷம் தாம் வாங்கக் கையெழுத்திட்ட வடிகட்டியால் நைட்ரஜன் இதுவரை காணாத தூய்மையை எட்டியிருக்கிறது. தூய்மை முற்றினால் நீலமாகும், வானத்தைப் பாருங்கள், கடலைப் பாருங்கள். இதற்கு ‘நீல நைட்ரஜன்’ என்று பெயரும் வைத்துவிட்டார். உரையில் இரண்டு பக்கம் சேர்ந்தது. ஆபரேட்டரின் நிரந்தர ஆணையைக்கூட, ‘நீல நைட்ரஜன் தயாரிப்பில் பங்காற்றியமைக்காக’ என்று மாற்றி அடிக்கச் சொல்லி, பித்தளைத் தட்டில் ரிப்பன் கட்டி மேடை ஓரத்தில் வைத்திருந்தார்.

அவள் சொல்லிப் பார்த்தாள். முதல் தடவை, சார் அது நைட்ரஜன் இல்லை என்று ஆரம்பித்தாள். அப்படியானால் இந்த நிறுவனம் தயாரிப்பது என்ன, சோடாவா என்று கேட்டுவிட்டு டை முடிச்சைச் சரிசெய்தார். இரண்டாவது தடவை, நெருப்புக் காட்டாதீர்கள் சார் என்றாள். நேற்று மூன்று தடவை அணைந்ததே, விஞ்ஞானம் ராத்திரியோடு ராத்திரியாக மாறிவிடுமா என்றார். மூன்றாவது தடவை அவள் வாயைத் திறக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. அவர் பூச்செண்டோடு பறந்தார்.

இறங்கியவருக்கு வயது எழுபதுக்கு மேல். எந்தத் துறைக்குத் தலைவர் என்பது அழைப்பிதழில் நான்கு வரிக்குப் போட்டிருந்தது, ஒருவரும் படிக்கவில்லை. எல்லோர் கண்ணும் அவருடைய தாடியில் இருந்தது. வெண்பட்டு மாதிரி, சீவிவிட்டு, சட்டையின் மூன்றாவது பொத்தான்வரை இறங்கியிருந்தது. ஆபரேட்டர் அந்தத் தாடியைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள்.

ஹாலின் ஓரச் சுவரோடு நின்றபோது பியூஸ் பக்கத்தில் வந்து, அந்தத் தட்டைக் கண்ணால் காட்டினார்.

“அக்கா, கையெழுத்து விழுந்து தாள் உங்க கைக்கு வரட்டும். அப்புறம் என்ன வேணா சொல்லுங்க.”

“நிகழ்ச்சி நிரலைப் பார்த்தியா? முதல்ல வர்த்தி, அப்புறம்தான் தாள்.”

பியூஸ் நிரலை வாங்கிப் பார்த்தார். பிறகு போய், மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றுகொண்டார். அவரால் முடிந்த உதவி அது.

முன்னுரை ஆரம்பித்தது. ஆதி மனிதன் குளிரில் நடுங்கியதிலிருந்து தொடங்கி, நெருப்பைக் கண்டுபிடித்தது, அணைக்கக் கற்றது என்று வந்துகொண்டிருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஆபரேட்டர், இந்தப் பேச்சு இன்னும் கொஞ்சம் நீளக் கூடாதா என்று ஏங்கினாள். அரை மணி நேரம் கூடக் கிடைத்தால் ஜாடி வற்றி, நீலம் தானாகப் பறந்துவிடும். அன்றைக்குப் பார்த்து அவர் பதினைந்தே நிமிஷத்தில் உரைக்கு வந்துவிட்டார்.

விருந்தினர் கையில் கம்பியைக் கொடுத்தார்கள். கம்பி நுனியில் மெழுகுவர்த்தி எரிந்தது. இன்று நாம் காணவிருக்கும் நீல நைட்ரஜன் என்று இயக்குநர் கையை விரித்தார். புகைப்படக்காரர் முட்டி போட்டார். விருந்தினர் நன்றாகப் பார்க்கலாமென்று குனிந்தார். தாடி மேஜை மேல் வந்து படிந்தது.

ஆபரேட்டர் மேடை ஏறியது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. கையுறை போட்ட கை குழாய் வாயை மூடியிருந்தது.

“ஐயா, கொஞ்சம் நில்லுங்க. இதுல தீ காட்டக் கூடாது.”

இயக்குநர் சபையைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் தற்காலிக ஊழியர், மேடைப் பழக்கமில்லை, கொஞ்சம் பதற்றம் என்றார். ‘தற்காலிக’ என்ற சொல்லை மட்டும் நிறுத்தி, அழுத்தி, அவள் பக்கம் திரும்பிச் சொன்னார்.

விருந்தினர் கம்பியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஏன் கூடாது என்று அவளைத்தான் கேட்டார்.

“இது நைட்ரஜன் இல்லீங்க, ஆக்ஸிஜன். இந்த ஹால் காத்துதான். நேத்து சாயங்காலத்துலேர்ந்து குளிர் தாங்காம குழாய்க்குள்ள இறங்கி உட்கார்ந்திருக்கு. இதுல வர்த்தி அணையாது. வாரிக்கிட்டு எரியும்.”

“அப்ப இதை இங்க யாரும் தயாரிக்கலையா?”

“இல்லீங்க. தானா வந்தது.”

விருந்தினர் குழாயையும் இயக்குநரையும் பார்த்தார். கண்ணோரத்தில் என்னவோ அசைந்தது.

“நீங்க சொல்றது தப்பா இருந்தா?”

“தப்பா இருந்தா என் வேலை போகுங்க. சரியா இருந்து நான் வாயை மூடிக்கிட்டு நின்னா, உங்க தாடி போகும்.”

முதலில் சிரித்தது பின்வரிசை. பிறகு ஹால் முழுக்கச் சிரித்தது. விருந்தினர் சிரிக்கவில்லை. வர்த்தியை ஊதி அணைத்துவிட்டு, தாடியைச் சுருட்டி இடது கையில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார். கொஞ்சமாக, ஆபத்தில்லாமல் காட்ட முடியுமா என்று கேட்டார். குரலில் இருந்த ஆசையைப் பார்த்தால் எழுபது வயது என்று சொல்ல முடியாது.

வெளியே போய்த்தான் காட்ட முடியும் என்றாள். பியூஸை விட்டு விசிறியை நிறுத்தினாள். குழாயை இடுக்கியால் தூக்கி, எல்லோரையும் பத்தடி தள்ளி வரச் சொல்லி, ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தாள். வாசலில் புகைப்படக்காரர், இங்கேயே வைக்கலாமே, வெளிச்சம் நன்றாயிருக்கிறது என்றார். அங்கே தார் போட்டிருந்தது. தாரும் எண்ணெயும் இதோடு சேர்ந்தால் போட்டோ எடுக்க ஆள் மிஞ்சாது என்றாள். கடைசியில் நல்ல சிமென்ட் தரையாக ஓர் இடம் கிடைத்தது. அது சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், இரும்புக் கதவுக்கு எதிரே. யார் கண்ணிலும் படக் கூடாது என்று இயக்குநர் பாடுபட்டு மறைத்த அத்தனை உடைந்த நாற்காலிகளும் அங்கே இருந்தன. வந்தவர்களில் வயதானவர்கள் அவற்றைச் சுவரில் சாய்த்துவைத்து உட்கார்ந்தும் கொண்டார்கள்.

அவள் கழுவித் துடைத்த சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை வைத்து, குழாயிலிருந்து கால் கரண்டி அளவு மட்டும் அதில் சாய்த்தாள். குழாயைக் கொண்டுபோய்த் தூரத்தில் நிறுத்தினாள். நீளமான மரக்குச்சி ஒன்றைப் பற்றவைத்து, அணைத்து, நுனியில் கங்கு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கும்போது கிண்ணத்துக்கு மேல் நீட்டினாள். குச்சி ‘உஸ்’ஸென்று ஒரு சீறல் சீறி வெள்ளையாக எரிந்தது. பட்டப்பகலில், வெயிலுக்கு எதிராக, கண் கூசும்படி. செத்துக்கொண்டிருந்த கங்கு இவ்வளவு வீரியத்தோடு எழுந்ததைப் பார்த்து, அவளுக்காகக் காத்திருந்த பண்ணைக்காரர்கூட ஜாடியோடு நின்றுவிட்டார்.

விருந்தினர் இன்னொரு தடவை என்றார். அப்புறம் இன்னொரு தடவை. நான்காவது தடவை தாமே குச்சியை வாங்கி, மறு கையில் தாடியைப் பிடித்துக்கொண்டே காட்டினார். மீதி நீலம் தூரத்தில் குழாய்க்குள் கொதித்து அடங்கிக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் வந்த வழியே காற்றாகிப் போய்விட்டது. அதுவரை யாரும் பக்கத்தில் போகாமல் பியூஸ் காவல் நின்றார். பீடி வைத்திருப்பவர்கள் சொல்லிவிட்டால் நல்லது, இல்லாவிட்டால் பீடியே சொல்லிவிடும் என்று ஒவ்வொருவரையும் மிரட்டினார்.

விருந்தினர் அங்கேயே நின்றபடி பேசினார். எத்தனையோ விழாவுக்குப் போயிருக்கிறேன், எல்லாவற்றிலும் எல்லாம் தயாரித்து வைத்தது. தானாக வந்த ஒன்றைப் பார்த்தது இன்றைக்குத்தான் என்று சொல்லிவிட்டு முடித்துக்கொண்டார். பலகையைத் திறந்து வைத்தார். டீ குடித்தார். ஒரு முதன்மை விருந்தினர் அவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை என்பதால், முடிந்துவிட்டது என்றே வெகுநேரம் ஒருவருக்கும் தெரியவில்லை.

இயக்குநர் முதல் குச்சி எரிந்தபோது சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தார். இரண்டாவதற்கு மெதுவாகக் கைதட்டினார். நான்காவதற்குள் பத்திரிகைக்காரர் ஒருவரின் தோளில் கைபோட்டு, அதிகுளிர்நிலைப் பாதுகாப்பைப் பொதுமக்கள் முன் விளக்கவே இந்த ஏற்பாடு, குறுக்கீடு உள்பட அனைத்தும் முன்கூட்டித் திட்டமிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டார்.

ஆனால் ஆணை வைத்த தட்டு ஹாலிலேயே நின்றுவிட்டது. எல்லோரும் வெளியே ஓடியதில் அந்த நிகழ்ச்சியே நிரலிலிருந்து நழுவிப்போனது. விருந்தினரின் கார் போன பிறகு ஆபரேட்டர் ஹாலுக்குள் எட்டிப் பார்த்தாள். மேடை காலி, தட்டும் இல்லை. அறைக்குப் போய் மிஷினை ஓட்டினாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து சாப்பிட்டாள். வேலை போனால் என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தாள். காற்றைத் திரவமாக்கத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு எந்த வீட்டு வாசலில் போய் நிற்பது. இருந்தாலும் அந்தத் தாடியை நினைத்தபோது சிரிப்புதான் வந்தது. சோறு நன்றாகவே இறங்கியது.

நான்கு மணிக்கு இயக்குநர் அறையிலிருந்து அழைப்பு வந்தது.

அவர் தனியாக இருந்தார். உட்காரச் சொன்னார்; பதினொரு வருஷத்தில் அந்த நாற்காலி அப்படி மெத்தென்று இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவர் ஜன்னலைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். முன்னுரை வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

“அது ஏன் நீலமா இருந்தது?” என்றார்.

ஆறு வருஷத்தில் அவர் விடை தெரியாமல் கேட்ட முதல் கேள்வி அது. அவள் அவசரப்படாமல் சொன்னாள். ஆக்ஸிஜன் திரவமானால் சிவப்பு வெளிச்சத்தைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும், மிச்சம் நீலமாகத் தெரியும். காற்றாகப் பரந்து கிடக்கும்போதும் அந்தக் குணம் இல்லாமலில்லை, நம் கண்ணுக்கு எட்டாது, அவ்வளவுதான். நைட்ரஜனுக்கு நிறமே கிடையாது, எவ்வளவு வடிகட்டினாலும். அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். காலையில் சபை முன்னால் தாம் சொன்னது என்னாவது என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அது முன்னுரைதானே சார்,” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அந்தப் பேரு எனக்குத் தெரியும்மா,” என்றார். கோபமில்லை. வைத்தவன் யாரென்று மட்டும் தெரிந்தால் நன்றாயிருக்கும் என்றார். அவள் காலண்டரைப் பார்த்தாள்.

பிறகு கோப்பை எடுத்தார். ஆணை மறுபடி தட்டச்சாகியிருந்தது. கையெழுத்துக்கு முன் படித்துப் பார்க்கச் சொல்லி நீட்டினார். ‘இயக்குநரின் முன்கூட்டிய அறிவுறுத்தலின்படி விழாவில் துணிவுடன் குறுக்கிட்டு, நீல நைட்ரஜனின் தன்மையை அவையோர் அறியச் செய்தமைக்காக, குளிர்நிலை ஆபரேட்டர் பணியில் நிரந்தரமாக நியமிக்கப்படுகிறார்.’

அவள் இரண்டு தடவை படித்தாள். அறிவுறுத்தலின்படி குறுக்கிட்டது என்ற இடத்தில் வாய் தானாகக் கோணியது. பரவாயில்லை, அது தன்னைப் பற்றிய பொய், அதைத் தான் சுமந்துகொள்ளலாம். தாளை அவர் பக்கம் திருப்பி மேஜையில் வைத்து, ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

“சார், இந்த நீல நைட்ரஜனை மட்டும் அடிச்சிடுங்க.”

அவர் பேனா நின்றது. தட்டச்சு முடிந்துவிட்டதே, வெறும் ஒரு சொல்தானே என்றார். அவள் விரலை எடுக்கவில்லை. அப்படி ஒன்று உலகத்தில் இல்லை சார், நாளைக்கு ஜன்னலில் யாராவது ஜாடியோடு வந்து கேட்டால் நான் எதை ஊற்றுவேன் என்றாள். கையெழுத்து விழாத தாளுக்கு முன்னால் இப்படி உட்கார்ந்து பேசுவது தான்தானா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

அவர் பெருமூச்சு விட்டு அந்தச் சொல்லை ஒரு கோடிட்டு அடித்தார். அடித்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. அங்கே என்ன எழுதுவது என்று கேட்டார்.

“காத்துன்னு எழுதுங்க சார். அதானே வந்தது.”

காற்று. அவர் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். ஓர் ஆணையில் நிற்கிற அளவுக்கு அதற்குக் கனம் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு முகம் மலர, ‘வளிமண்டலப் பெருங்கொடை’ என்று எழுதினார். பொய்யில்லையே என்பதால் ஆபரேட்டர் விட்டுவிட்டாள்.

கையெழுத்துப் போட்டார். அது ஒரு சாதாரணக் கையெழுத்து இல்லை. ஆரம்பித்த இடத்திலிருந்து இரண்டு சுழி சுழித்து, தாளின் பாதியை அடைத்துக்கொண்டு, கீழே ஒரு கோட்டையும் இழுத்துக்கொண்டுதான் ஓய்ந்தது. மை காய்வதற்கு இரண்டு நிமிஷமாகும் போலிருந்தது. அந்த இரண்டு நிமிஷத்தைப் பயன்படுத்தி இயக்குநர் எழுந்து நின்று, இத்தருணத்தில் முன்னுரையாகச் சில சொற்கள் என்று ஆரம்பித்தார். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, மை காய்ந்த பிறகும், முழுவதையும் கேட்டாள்.